எட்டரை மணி

காலை எட்டரைக்கு
ஒரு கண்ணாடிக் குழாயை
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன்.
மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு
மானூருக்கு வடக்கே உள்ள வானம்
என் பொறுப்பு.

ஆர்.ஐ. ஆபீசுக்குப் பின்னால்
துருப்பிடித்த ஜீப்புக்கும் கக்கூசுக்கும் நடுவே
எட்டுக்கு எட்டடி கம்பிவலை.
உள்ளே மழைமானி.
அதில் விழுந்தால்தான் மழை.
பதினேழு ஊருக்கும் அதுதான் மழை.

ஐப்பசி பதினெட்டு.
இரண்டு தடவை ஊற்றி அளந்தேன்,
முப்பத்தொன்று புள்ளி இரண்டு.
மேகம் ஆபீசுக்கு மேல் வந்து
முக்கால் மணி நேரம் நின்று கொட்டிவிட்டு
ஓடையைத் தாண்டாமலே கலைந்து போயிருந்தது.
ஓடைக்கு அங்கிட்டு
உச்சிமாகாளியின் நாலு ஏக்கர் மானாவாரி உளுந்து
பூவோடு கருகியது.

ஏக்கருக்கு இருநூற்று எண்பது கட்டியிருந்தாள்.
மாதம் முழுக்கச் சேர்த்து
நாற்பதுக்குக் கீழே போனால் பணம்.
போகவில்லை. நாற்பது புள்ளி ஆறு.
அந்தப் புள்ளி ஆறு
குழாயில் ஒரு நகக்கீறல்.
கண்ணைக் கொஞ்சம் உயர்த்தி வாசித்திருந்தால்
இல்லாமல் போயிருக்கும்.
நான் சரியாகத்தான் வாசித்தேன்.
இப்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவள் வந்தாள். சத்தம் போடவில்லை.
"அந்த மழைய எனக்கு ஒருக்கா காட்டு."
பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன்.
"இது பேனா எழுத்துல்லா" என்றாள்.
ஏசியிருந்தால்
மத்தியானச் சோறு எனக்கு இறங்கியிருக்கும்.

கருகிய உளுந்தில் ஆடு விட்டாள்.
நூற்று நாற்பது உருப்படியோடு வந்தவர் பூலுடையார்.
ஆட்டுக்கு இன்சூரன்ஸ் கிடையாது,
மழை எங்கே பெய்ததோ
அங்கே நடப்பதுதான் அதற்குத் தெரியும்.
அப்படி நடந்து நடந்துதான்
ஒருநாள் ஆபீசு வளாகத்துக்குள்ளும் நுழைந்தன.
வாட்ச்மேன் கம்போடு ஓடி வருவதற்குள்
மறிகள் எல்லாம் கம்பிவலையில் மூக்கை நுழைத்து நின்றன.

உள்ளே
கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம்.
பூங்கதிர் விட்டு, ஆடிக்கொண்டு.
வலைக்கு வெளியே
சவரம் பண்ணிய மண்.

பூலுடையார் ரொம்ப நேரம் பார்த்தார்.
"ரெண்டு பக்கமும் ஒரே மழதான?"
"ஒரே மழைதான்."
"நீ வெத ஏதும் போட்டியா?"
"நான் எதுக்கு?"
என் பதிவேட்டில் மழைக்குக் கட்டம் உண்டு.
வாய்க்குக் கட்டம் இல்லை.
அவர் திரும்பித் தன் ஆடுகளைப் பார்த்தார்.
எண்ணுவதுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது
கூட்டம் என்று சொல்லும்படி இல்லை.
ஆலமரமும் இல்லை, மைக்கும் இல்லை,
ரேஷன் கடை வரிசையிலேயே பேசினார்கள்.
ஓடைக்குக் கிழக்கே புறம்போக்கு முப்பது ஏக்கர்,
அடுத்த மழை கண்டு புல் விதை உதிரும்வரை
ஒரு குளம்பும் படக் கூடாது.
"அதுவரைக்கும் எங்க ஆடு எதத் திங்கும்,
அந்தப் பிள்ளையோட ரிஜிஸ்டரையா?"
எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.
உச்சிமாகாளிதான் சொன்னாள்:
"எம் புஞ்சை சும்மாதான கெடக்கு.
பகல்ல மேயட்டும்.
ராத்திரி கிடையையும் அங்கனயே போடுங்க.
எரு எனக்கு."
அவள் கணக்கில் புள்ளி ஆறு எல்லாம் இல்லை.

சுண்ணாம்பு தடவிய கல் நட்டார்கள்.
மீறினால் ஆட்டுக்கு ஐம்பது ரூபாய்.
முதல் வாரமே பிடிபட்டவை
இரண்டு கன்னி ஆடுகள்,
ஒன்றுக்குக் காது கிழிந்திருக்கும்.
என்னுடையவை.
பூலுடையார் சில்லறையை
இரண்டு முறை எண்ணி வாங்கினார்.
ரசீது கேட்டேன். முறைத்தார்.

இன்றைக்கும் பூஜ்யம் புள்ளி பூஜ்யம்.
பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்,
பதினோரு வருஷமாகக் காலி,
யாரும் கேட்டதில்லை.
'வலைக்கு உள்ளே புல் உண்டு' என்று எழுதினேன்.
'ஓடைக்குக் கிழக்கே' என்று தொடங்கி,
பார்த்துவிட்டு வந்து எழுதலாம் என்று
பேனாவை மூடிவிட்டுச்
செருப்பைத் தேடினேன்.